துணிக்குள் வந்தவர்

ஜூன் 3, செவ்வாய். இபாதான்

வந்து சேர்ந்துவிட்டேன். லாகோஸிலிருந்து காரில் வரும் வழியெல்லாம் மழை. சென்சார் பெட்டியைப் பின்னால் வைக்க மனமில்லாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே குழந்தையா என்று டிரைவர் கேட்டார். குழந்தையைவிட அதிகமாக அழும் என்றேன்.

நைஜீரியாவுக்கு நான் ஏன் வந்தேன் என்பது என் மாமியாருக்கு இன்னும் பிடிபடவில்லை. போரூர் ஸ்டூடியோவில் நான் பார்ப்பது மோஷன் கேப்சர் வேலை. ஆட்களின் உடம்பில் சின்னச் சின்ன சென்சார்களைக் கட்டிவிட்டு, அவர்கள் ஆடுவதையும் நடப்பதையும் அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோவேன். இத்தனை வருடமும் கதாநாயகர்கள் பறப்பதற்காக டூப்புகளைக் குதிக்க வைத்தேன். இந்த முறை ஒரு முன்னோரைக் கொண்டுபோக வேண்டும்.

கூப்பிட்டது மொரேனிக்கே. யொருபாக்காரி, டிஜிட்டல் ஓவியர், என்னைவிட நாலைந்து வயது இளையவள். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறோம். ஆனால் அவள் பேசும் வேகமும் இழுவையும் என் காதில் தமிழாகத்தான் விழுகின்றன, அப்படியே எழுதுகிறேன். பார்த்ததும் கட்டிக்கொண்டு, "சாப்பாட்டுல காரம் தாங்குவீங்களா, சிஸ்டர் மங்கை?" என்று கேட்டாள். நான் தென்காசிப் பக்கம் என்றேன். அது அவளுக்கு விளங்கவில்லை. சாப்பிட ஆரம்பித்ததும் விளங்கியது.

ஜூன் 5, வியாழன்

அவர்கள் குடும்ப வீடு என்பது ஒரு வீடல்ல. நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் பல வீடுகள், அத்தனையிலும் பங்காளிகள். இந்த வம்சத்துக்கு என்று ஓர் எகுங்குன் உண்டு. இறந்த முன்னோர் வருடத்துக்கு ஒரு தடவை துணிக்குள் இறங்கி வந்து, ஆடி, பிள்ளைகளை வாழ்த்திவிட்டுப் போவார். தலைமுதல் கால்வரை துணி, முகத்தில் வலை. உள்ளே யார் என்று கேட்கக் கூடாது. உள்ளே 'யாரோ' இருக்கிறார் என்று நினைப்பதே தப்பு. வந்திருப்பவர் முன்னோர், அவ்வளவுதான்.

எனக்கு இது புரியாத சங்கதியில்லை. எங்கள் ஊர்க் கோயில் கொடையில் சாமி வந்து ஆடுகிறவரை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அந்தத் துணியைக் காட்டினார்கள். அடுக்கடுக்காகப் பட்டைகள்: வெல்வெட், லேஸ், கைத்தறி, ஜரிகை. வருடாவருடம் குடும்பத்துப் பெண்கள் புதுப் பட்டை தைத்துச் சேர்ப்பார்களாம். அடியில் இருப்பவை தொட்டால் உதிர்கின்றன. மொரேனிக்கே ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியாகப் படமெடுத்து, நெசவின் இழைவரை கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருக்கிறாள். இரண்டு வருட உழைப்பு. பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டன் காலத்து வெல்வெட்டில் அந்துப்பூச்சி தின்ற ஓட்டைகூட இருந்தது. "ஓட்டையும் எங்க வீட்டுதுதானே," என்றாள்.

உருவம் தயார், நடைதான் வேண்டும். திருவிழா நாளில் முற்றத்துச் சுவரில் அது ஆட வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் போனில் பார்க்க வேண்டும். இது அவள் ஆசை.

எகுங்குன்களுக்குப் பொறுப்பான பெரியவரை அலாக்பா என்கிறார்கள். அவர் ஒரே நிபந்தனை போட்டார். "முதல்ல நாங்க பாப்போம். எங்க வீட்டுதுன்னு தோணினா சுவர்ல ஆடட்டும். தோணலைன்னா எல்லாத்தையும் அழிச்சிடணும். ஒரு படம்கூட மிஞ்சக் கூடாது."

மொரேனிக்கே ஒத்துக்கொண்டாள். நானாக இருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

முற்றத்தின் மூலையில் ஜெனரேட்டரைக் குடைந்துகொண்டிருந்த ஒருவர் அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார்: "கார்ட்டூனுக்கு எதுக்குப் பெரியவங்க சம்மதம்?" அவர்தான் ஓஜேவாலே, அவளுடைய அண்ணன். லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் அப்பா இறந்தபோது, "நம்ம அப்பாவையும் பொம்மையாக்கிடுவே நீ," என்று சாவு வீட்டிலேயே இவளைச் சொன்னாராம். அன்றோடு பேச்சு அறுந்துவிட்டது. இப்போது ஜெனரேட்டரைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறார்கள்.

ஜூன் 6, வெள்ளி

மழை. துவைத்தது ஒன்றும் காயவில்லை. ஈரச் சட்டையை விளக்கின் மேல் போட்டுக் கருக்கிவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

முதல் பதிவு. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சென்சார் கட்டுவதைப் பெண்கள் பார்க்கக் கூடாது என்பதால் பழைய கிடங்கின் குறுக்கே கெட்டித் திரை கட்டினார்கள். அந்தப் பக்கம் அலாக்பா, சென்சார் கட்ட இரண்டு பையன்கள், துணிக்குள் வருகிறவர். இந்தப் பக்கம் நானும் லேப்டாப்பும். மொரேனிக்கே வாசலோடு சரி.

மென்பொருள் எடுத்தவுடன் ஆடுபவரின் பெயரைக் கேட்டது. அதைத்தான் கேட்கக் கூடாதே. 'முன்னோர்' என்று அடித்தேன், ஏற்றுக்கொண்டது. அடுத்து உயரம். உயரம் சொன்னால் ஊரில் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்களே. "அவர் எவ்வளவு வேணும்னாலும் உயரமா வருவார்," என்றார் அலாக்பா. அதைப் போடுவதற்கு மென்பொருளில் இடமில்லை. நான் ஒரு குத்துமதிப்பைப் போட, திரையில் உருவம் தரைக்கு ஒரு சாண் மேலே மிதந்தது. கடைசியில் பெரியவரே ஒரு மூங்கில் குச்சியை அளவாக வெட்டித் திரைக்கு அடியில் தள்ளிவிட்டார். அளந்ததும் குச்சியைத் திரும்ப வாங்கி முறித்துப்போட்டார்.

"கையை விரிச்சு நேரா நிக்கச் சொல்லுங்க," என்று குரல் கொடுத்தேன். அதுவும் குற்றமாகிவிட்டது. முன்னோருக்கு யாரும் உத்தரவு போடக் கூடாதாம். நான் அலாக்பாவிடம் சொல்ல வேண்டும், அவர் புகழ்ந்து, பாடி, முன்னோரின் முன்னோர் பெயரெல்லாம் சொல்லிக் கெஞ்ச வேண்டும், பிறகுதான் கை விரியும். எங்கள் ஹீரோக்கள் கேள்விப்பட்டால் நாளைக்கே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுவார்கள்.

பையன்கள் சென்சாரைத் தலைகீழாகக் கட்டியதில் முன்னோரின் முழங்கால்கள் பின்பக்கமாக மடங்கின. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். திரைக்குப் பின்னாலிருந்து எகுங்குனின் குரல், தொண்டைக்குள் கரகரவென்று உருளும் அந்தக் குரல், ஏதோ சொன்னது. பெரியவர் சிரித்துவிட்டார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "பேத்தி சிரிக்கிறது கேக்குதுன்னார்."

அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனோ சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

இன்று ஆடினார்.

என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கறுப்புத் திரையில் நகரும் வெள்ளைப் புள்ளிகள்தான். முகமில்லை, துணியில்லை, தோலில்லை. மேளம் துவங்கியதும் அந்தப் புள்ளிகள் கனத்தோடு சரிந்து, சுழன்று, நின்ற இடத்தில் பூமியை அழுத்தின. எத்தனையோ பேரை இந்தக் கருவியில் பார்த்திருக்கிறேன். பரிசு வாங்கிய நடனக்காரர்கள்கூடத் தங்களை யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்போடுதான் ஆடுவார்கள். இவர் யாருக்காகவும் ஆடவில்லை. பார்க்கும்போதே என் கை கும்பிட்டிருந்தது, பதிவை நிறுத்த மறந்துவிட்டேன்.

முடிந்ததும் வாசலில் மொரேனிக்கே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "எப்படி?" என்றாள். "நானும் உங்க வீட்டுல பிறந்திருக்கலாம்னு தோணுது," என்றேன்.

ஜெனரேட்டர் இரண்டு தரம் நின்றது. ஓட்டத் தெரிந்த ஒரே ஆளான ஓஜேவாலே நேற்றும் இன்றும் சரக்கு வாங்க லாகோஸ் போய்விட்டாராம். "வேணும்னே பண்றார்," என்று பொரிந்தாள்.

ஜூன் 12, வியாழன்

காலையில் தட்டைப்பயறு வடை வாங்கித் தின்றேன். நம் வடையின் ஒன்றுவிட்ட சகோதரி. இங்கே அதற்கு அகாரா என்று பெயர்.

ஓஜேவாலே திரும்பிவிட்டார். கையில் ஒரு சரக்கும் இல்லை. டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைத் தாண்டி ஜெனரேட்டருக்குப் போனார். என்றோ மோட்டார் சைக்கிள் ஏறிய இடது கால். குதிகால் தரையை விட்டு முழுசாக எழும்பாமல், லேசாக இழுத்து, பிறகு இடுப்பைத் திருப்பி ஊன்றுகிறது.

நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இரண்டு நாளாக அந்தப் புள்ளிகளைத் தவிர வேறெதையும் பார்க்காத கண் இது.

இதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன்.

மாலையில் மொரேனிக்கேவிடம் சும்மா கேட்பதுபோல, பெண்களுக்கு எகுங்குன் ரகசியம் தெரிந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். சிரித்தாள். "எங்க ஊர்ல ஒரு பேச்சு உண்டு. பொம்பளைக்கு ரகசியம் தெரியலாம், சொல்லத்தான் கூடாது. தெரிஞ்சது வெளிய வந்தா எகுங்குன் அதோட செத்துப்போச்சுன்னு அர்த்தம்." பிறகு தானாகவே அண்ணனிடம் வந்தாள். "கேன் தூக்கும்போதுகூட என்னைத் திரும்பிப் பாக்கலை, பாத்தீங்களா? அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லா இருக்குன்னு சொல்லிட்டா எனக்குப் போதும். சொல்லமாட்டார்."

எனக்கு நாக்கு நுனியில் அரித்தது. தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 14, சனி

துணிக்கு எடை கொடுக்கும் வேலை. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பட்டையும் எவ்வளவு கனம், எவ்வளவு விறைப்பு என்று சொன்னால்தான் அது ஒழுங்காக ஆடும். பெண்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வெல்வெட் காற்றைப் பிடிக்கும், லேஸ் விட்டுவிடும், ஜரிகை முதலில் தயங்கிப் பிறகு அறையும் என்று ஆளாளுக்குச் சொல்ல, நான் குறித்துக்கொண்டேன். இரண்டு அத்தைகள் வெல்வெட்டின் எடைக்காகச் சண்டை போட்டதில் அடுப்படித் தராசு வந்தது.

ஹூஸ்டனிலும் லண்டனிலும் இருக்கும் பெண்கள் இந்த வருடத்துத் துணியைப் படமெடுத்துப் போனில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். தபாலில் வந்துசேராத பட்டை அரைமணியில் உடையில் ஏறிவிடுகிறது. இங்குள்ள பெண்கள் அதை விமர்சனம் செய்கிறார்கள். "பணம் இருக்கு, ரசனை இல்ல," என்று ஹூஸ்டன் துணிக்குத் தீர்ப்பு வந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றினால் அருங்காட்சியகப் பொருளாகிவிடும் என்று நினைத்துத்தான் நான் வந்தேன். இவர்களோ அங்கேயும் தைக்க உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு இவர்களை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஜூன் 16, திங்கள்

பதிவு, துணி எல்லாவற்றையும் பிசிறு நீக்கிச் சுத்தம் செய்யப் போரூருக்கு, ஸ்டூடியோவில் என் உதவியாளன் சம்பத்துக்கு அனுப்பியாயிற்று. நல்ல தூக்கம்.

ஜூன் 20, வெள்ளி

தோற்றுவிட்டோம்.

சம்பத் அனுப்பியதை மாலையில் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினோம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வழுவழுவென்று ஆட்டம், துணியெல்லாம் தாமரைபோல விரிந்து பறந்தது. மொரேனிக்கே மட்டும் முதல் சுற்றிலேயே நெற்றியைச் சுருக்கினாள்.

முடிந்ததும் அலாக்பா, "அழகா இருக்கு," என்றார். "எங்க வீட்டுது இல்ல." வேறொருவர், "சுத்தறப்போ காத்து வரணும்யா, இதுல காத்தே இல்ல," என்றார். படத்தில் காற்று எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் சொன்னது எனக்கே புரிந்தது. அன்றைக்கு என்னைக் கும்பிட வைத்தது இதில் இல்லை.

மொரேனிக்கே அழவில்லை. எழுந்து, "நாளைக்கு அழிச்சிடறேன், பாபா," என்றாள். ஜெனரேட்டர் பக்கமிருந்து ஓஜேவாலே குரல் வந்தது, யாரையும் பார்க்காமல்: "டீசல் அடுத்த வாரம் வரைக்கும் ஊத்தியாச்சு. வீணாப் போகும்." அலாக்பா அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். "சரி, புதன்கிழமை இன்னொரு தடவை பாப்போம்," என்றார்.

ஜூன் 21, சனி

கண்டுபிடித்துவிட்டேன். தப்பு எங்களுடையது.

எங்கள் தொழிலில் திரையிலுள்ள உருவத்தின் கால் தரையில் வழுக்கினால் அது கருவியின் கோளாறு. புதிதாகச் சேரும் பிள்ளைக்கு முதல் பாடமே அதைத் திருத்துவதுதான். சம்பத் வழுக்கலையெல்லாம் தேடித்தேடி இடது பாதத்தை ஒவ்வோர் அடியிலும் ஆணி அடித்ததுபோல நிறுத்திவிட்டிருக்கிறான். சுத்தமான வேலை. அத்தோடு அந்த ஆட்டத்தின் உயிரையும் துடைத்துவிட்டான். பாதம் இழுத்து, தயங்கி, பிறகு இடுப்பு மொத்தமாகத் திரும்புகிறதே, சுழற்சியின் வேகமே அங்கிருந்துதான் பிறக்கிறது. போனில் கேட்டேன்.

"அக்கா, பிழைன்னு நெனச்சேன்க்கா. எல்லா அடியிலயும் வந்துச்சு."

"எல்லா அடியிலயும் வந்தா அது எப்படிப்பா பிழை?"

"அதுவும் சரிதான்," என்றான் பாவம். அனுப்புவதற்கு முன் ஒப்புதல் கொடுத்தது நான்தான்.

பழைய பதிவைத் திருப்பிப் போட்டேன். புள்ளிகள் இழுத்து இழுத்து நடந்தன. அப்போது மொரேனிக்கே காப்பியோடு உள்ளே வர, லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன். விரல் நசுங்கியது.

சுத்தமாக்கினால் அது யாருமில்லை, பெரியவர்கள் அழிக்கச் சொல்லிவிடுவார்கள். அப்படியே விட்டால் இந்த முற்றத்தில் யாருக்கும் அந்த நடை தெரியாமல் இருக்காது. அவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்? யாரென்று தெரிந்த நிமிடமே அது வேடமாகிவிடும், இந்த வீட்டுக்கு முன்னோரே இல்லாமல் போய்விடுவார். இரண்டு வழியிலும் அவள் இழக்கிறாள். நாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டு சாப்பாட்டைக் கோட்டை விட்டேன்.

ஜூன் 23, திங்கள்

சென்னையில் இன்னொரு காரியமும் செய்திருக்கிறார்கள். துணி அழகாகப் பறக்கட்டும் என்று எடையைப் பாதிக்கும் கீழே குறைத்திருக்கிறார்கள். அத்தைகள் சண்டை போட்டுத் தராசில் நிறுத்த வெல்வெட்டைக் கைக்குட்டையாக்கி வைத்திருக்கிறார்கள்.

எல்லா எடையையும் திரும்பக் கொடுத்தேன். காலை அப்படியே விட்டேன். ஒரு அடியைக்கூடத் தொடவில்லை.

ஓட விட்டுப் பார்த்தேன். கனம் ஏறியதும் கீழ்ப் பட்டைகள் தரையைத் தொட்டுக் காலை மூடிவிட்டன. குதிகால் இழுபடுவது தெரியவில்லை. அந்த இழுவை துணிக்குள் ஏறி, அடுக்கடுக்காகப் பரவி, மேலே வரும்போது ஒரு பெரிய மெதுவான சாய்வாகிவிடுகிறது. சாய்ந்து, ஒரு கணம் நின்று, பிறகு மொத்தக் கனமும் வீசித் திரும்புகிறது. மனிதன் மறைந்துவிட்டான். நடை மட்டும் இருக்கிறது. துணியை இத்தனை கனமாக எதற்குத் தைத்தார்கள் என்று இப்போது தெரிகிறது. இதைக் கண்டுபிடித்தவர்கள் என்றைக்கோ செத்துப் போயிருப்பார்கள், அவர்கள் காலில் விழலாம்.

ஜூன் 25, புதன்

போட்டோம். முதல் சுழற்சியில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர், பறந்துவிடப் போகிறதே என்பதுபோலத் தன் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டார். அப்புறம் அது வெறும் படம் என்று நினைவு வந்து கையை எடுத்தார். இரண்டாம் சுழற்சியில் மறுபடி பிடித்தார்.

பின்னால் அத்தைகள் ஒவ்வொருவராக மண்டியிட்டார்கள். அலாக்பா எழுந்து சுவருக்கு முன்னால் போய் நின்று, கிடங்கில் பாடிய அதே புகழ்ப்பாட்டைப் பாட ஆரம்பித்தார். முடிவு கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மொரேனிக்கே என் கையை அழுத்தினாள், நசுங்கிய விரல் என்று பாராமல். ஓஜேவாலே, "சத்தம் ஜாஸ்தியா இருக்கு," என்று சொல்லிவிட்டு ஜெனரேட்டரைப் பார்க்கப் போனார். அவள் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

ஜூன் 28, சனி

திருவிழா. பகலில் நிஜத் துணியில் எகுங்குன் வந்து தெருவெல்லாம் ஆடி, பிள்ளைகளைத் துரத்தி, வாழ்த்திவிட்டுப் போனார். நான் சென்சார், கணக்கு எல்லாவற்றையும் மறந்து கூட்டத்தோடு ஓடினேன். இருட்டத் தொடங்கியதும் முற்றத்துச் சுவரில் நம்முடையது. ஹூஸ்டனில் யாரோ வாய்விட்டு அழுவது ஒரு அத்தையின் போன் வழியாக எல்லோருக்கும் கேட்டது. அவர்களுடைய ரசனையில்லாத துணி சுழற்சியில் பளபளவென்று நன்றாகவே இருந்தது. அத்தைகளும் ஒத்துக்கொண்டார்கள்.

முடிந்து கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தது. ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மொரேனிக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சிஸ்டர் மங்கை, நீங்க எல்லா நாளும் புள்ளியைப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. யார் வந்திருந்தார்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

அவளையே பார்த்தேன். சொல்லிவிட்டால் இவள் இரண்டு வருடமாக ஏங்குவது இவளுக்குக் கிடைத்துவிடும். சொன்னால் சுவரில் ஆடியது செத்துவிடும்.

"தெரியும்," என்றேன். "உங்க அப்பா வந்திருந்தார்."

அவள் சிரித்தாள், கண் நிறைந்திருந்தது. "ஆமா. எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சது. புதன்கிழமை முதல் சுத்துலயே."

எழுந்து போனாள். முற்றத்து மூலையில் ஓஜேவாலே ஜெனரேட்டரை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் ஈர மண்ணில் மண்டியிட்டாள். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு வணக்கம் உண்டு. மழையில் வந்தவருக்கு ஒன்று, சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக்கூட ஒன்று. அவள் சொன்னது, கடுமையாக உழைத்து முடித்தவருக்குச் சொல்லும் வணக்கம். "எ கூ இஷே, அண்ணா."

அவர் பயந்துபோனவர்போலச் சுற்றிலும் பார்த்தார். "நான் என்ன வேலை செஞ்சேன்?"

"ஜெனரேட்டர் பாத்துக்கிட்டீங்களே."

அவர் கை துடைத்த துணியை மடித்து ஜெனரேட்டர் மேல் வைத்தார். பிறகு, "ஆமா. கஷ்டமான ஜெனரேட்டர்," என்றார். "எழுந்திரு, கீழே ஈரம்." ஆனால் அப்படிச் சொன்னவரின் கை அவள் தலைமேல் இருந்தது. அவர் எடுக்கவும் இல்லை, அவள் எழுந்திருக்கவும் இல்லை.